கண்ணாடிக் கடைத் தரை

மெழுகம்மா வேலை பார்க்கிற நாளில் எங்கள் கடைவரிசையில் யாரும் உரிமையோடு நடமாட முடியாது. கடை முதலாளியே ஆனாலும் வாசலில் நின்று, "வரலாமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். "இருங்க, இன்னும் காயல" என்று அவள் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. பல் டாக்டர் ஒருமுறை அவசரத்தில் கேட்காமல் உள்ளே போய்விட்டார். அவருடைய செருப்புத் தடம் ஈர மெழுகில் பதிந்து, அடுத்த தடவை உரித்து எடுக்கிறவரைக்கும் நாற்காலிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. வாய் பிளந்து படுத்திருக்கும் நோயாளிகளிடம் நர்ஸ், "பயப்படாதீங்க, அது டாக்டர் பாதம்தான்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

சின்னக் கடைகளில் பிளாஸ்டிக் விரிப்பு மாதிரி ஒட்டியிருக்கும் வினைல் தரைக்குப் பளபளப்பு மெழுகு போடுவதுதான் அவள் தொழில். அதனால் அந்தப் பெயர். நான் வரிசையின் கடைசிக் கடையில் துணி தைக்கிறவள். புதுத் துணி கொண்டு வருகிறவர்கள் குறைவு; கால்சட்டை நீளம் குறைக்க, ஜிப்பு மாற்ற, இடுப்பு பிடிக்க என்று வருகிறவர்கள்தான் அதிகம். என் கடைக்கு நேர் மேலே மெழுகம்மாவும் அவள் மருமகளும் குடியிருந்தார்கள். அவர்கள் சிரித்தால் என் தலைக்கு மேல் கேட்கும். சண்டை போட்டாலும் கேட்கும். பெரும்பாலும் சிரிப்புதான்.

தொழிலை ஆரம்பித்தவன் மெழுகம்மாவின் மகன். யாரோ கழித்துப் போட்ட, தரை தேய்க்கிற மிஷின் ஒன்றை வாங்கி, மோட்டாரை மாற்றி, அம்மாவை மாப்புக்கும் பெண்டாட்டியை ஓரம் சுரண்டுவதற்கும் வைத்துக்கொண்டு தொழில் நடத்தினான். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது பைக்கை லாரி இடித்துவிட்டது. வீட்டுக்கு வரவே இல்லை.

மருமகள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். குழந்தையும் இல்லை. அண்ணனும் வண்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றான். அவள் போகவில்லை. "மருந்துக் கடையில அவர் ஒத்துக்கிட்ட வேலை பாக்கி இருக்கு, அதை முடிச்சுட்டு வர்றேன்" என்றாள். அப்படிச் சொல்லி நிறுத்தியவள்தான். அதற்கப்புறம் அண்ணன் கேட்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு கடையில் ஏதாவது ஒரு வேலை பாக்கி இருந்துகொண்டே இருந்தது.

அந்த மருந்துக் கடை வேலையை நான் பார்த்திருக்கிறேன். மிஷின் என்றால் அடியில் வட்டமான தட்டு சுழலும். மேலே நீளமாகக் கைப்பிடி. கைப்பிடியை லேசாகத் தூக்கினால் ஒருபக்கம் ஓடும், தாழ்த்தினால் மறுபக்கம் ஓடும். தள்ளக் கூடாது. பலம் போட்டால் அது நம்மைத் தூக்கி எறிந்துவிடும். முதல் முறை மருமகள் சுவிட்சைப் போட்டதும் அது அவளை இழுத்துக்கொண்டு போய் இருமல் மருந்து அலமாரியில் முட்டியது. மறுபடி போட்டாள், மறுபடி இழுத்தது. மெழுகம்மா மாப்பைக் கீழே போட்டுவிட்டு வந்து, மருமகளைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் மிஷினோடு இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே அந்தக் கடை முழுவதையும் தேய்த்து முடித்தார்கள். முடித்த பிறகும் மெழுகம்மா கையை எடுக்கவில்லை.

அப்படித்தான் அவர்கள் இருவரும் ஒரு குடும்பம் ஆனார்கள்.

கண்ணாடிக் கடை வந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்காரருக்கு நாற்பதை ஒட்டிய வயது, கல்யாணம் ஆகவில்லை. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் வயது போய்விட்டது. கடை திறந்த வருஷமே அந்த அம்மாளும் போய்ச் சேர்ந்தாள். நல்ல மனுஷர்தான், ஆனால் பேச்சு வராது. கண்ணாடி பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். வேறு எதைக் கேட்டாலும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அவர் கடைத் தரைக்கு இவர்கள்தான் மெழுகு போட்டார்கள். பளிங்கு மாதிரி வந்தது. ஒருதடவை நன்றாகப் போட்டுவிட்டால் அந்த அளவு கடைக்கு ஒரு வருஷம் தாங்கும். நடுவில் லேசாக மிஷின் ஓட்டினால் போதும். ஆனால் கண்ணாடிக்காரர் அடுத்த மாதமே போன் பண்ணினார்.

"கொஞ்சம் மங்கலா இருக்கற மாதிரி தெரியுதுங்க."

"உங்க கண்ணாடியைத் தொடச்சுட்டுப் பாருங்க" என்றாள் மெழுகம்மா. இருந்தாலும் போனார்கள். மருமகள் மிஷின் ஓட்டினாள். அவர் டீ வாங்கி வந்து கொடுத்தார்.

அப்புறம் இன்னொரு தடவை. அப்புறம் மறுபடியும். "இன்னொரு கோட்டு மெழுகு போட்டுடலாமா?" என்று அவரே கேட்டார். மெழுகம்மாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "மெழுகு மேல மெழுகு ஏத்திக்கிட்டே போனா தரை மஞ்சளடிக்கும் சார். பல்லு மாதிரி ஆயிடும். அப்புறம் பல் டாக்டரைத்தான் கூப்பிடணும்."

அடுத்த தடவை, காரணம் கேட்கவே முடியாதபடி தரையில் கறுப்புக் கறுப்பாகக் கீறல்கள் இருந்தன. கடைக்கு வருகிறவர்களின் செருப்பும் நாற்காலிக் காலும் தடம் போடுவது சகஜம்தான். மெழுகம்மா அதை அழிக்க முட்டி போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே இருந்துவிட்டாள். கீறல்கள் கல்லாவுக்குப் பின்னால், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தன. அங்கே வாடிக்கையாளர் யாரும் வர முடியாது. அதுவும் ஒரே இடத்தில் நின்று குதிகாலைத் திருப்பித் திருப்பித் தேய்த்த மாதிரி அரைவட்டம் அரைவட்டமாக. தலையைத் தூக்கிக் கண்ணாடிக்காரரின் ஷூவைப் பார்த்தாள். கறுப்பு ரப்பர் அடி. அவர் அவளைப் பார்க்கவே இல்லை. அறையின் அந்தக் கோடியில் மிஷினுக்கு வயர் சுற்றிக்கொண்டிருந்த மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் டீ. சர்க்கரை கம்மியாகப் போட்ட டீ. மருமகள் அப்படித்தான் குடிப்பாள்.

அன்று மாலை மெழுகம்மா என் கடைக்கு வந்து ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"தையலு, அந்தக் கண்ணாடிக்காரன் தரையை அவனே கெடுத்துக்கறான்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? என்னை வரவழைக்கவா? இந்த மூஞ்சியைப் பாக்கவா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துவிட்டுப் பார்த்தால் அவள் சிரிக்கவில்லை. என் மடியில் இருந்த துணித் துண்டு ஒன்றை எடுத்து நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல ஆளுதானேம்மா" என்றேன்.

"நல்ல ஆளா இருக்கறதுதான் வம்பே. மோசமானவனா இருந்தா மாப்பாலயே நாலு போட்டு அனுப்பியிருப்பேன்."

அதற்கப்புறம் அவர் போன் பண்ணினால் இவள் "கை ஓயல சார்" என்பாள். வேலை வரும் போன் அவளிடம்தான் இருந்தது. "கண்ணாடிக் கடையில கூப்பிடலையா அத்தை?" என்று மருமகள் கேட்டபோது, கூசாமல் "இல்லையே" என்று சொல்லிவிட்டாள். மருமகளும் விட்டுவிட்டாள். ஆனால் அந்தப் பக்கம் போகும்போது அவள் நடை மெதுவாவதை நானே பார்த்தேன்.

பொய் எத்தனை நாளைக்கு நிற்கும்? ஒருநாள் மருந்துக் கடை வாசலில் கண்ணாடிக்காரர் மருமகளிடமே கேட்டுவிட்டார்: "உங்களுக்கு எம்மேல ஏதாவது கோபமா? நானும் எத்தனை தடவை கூப்பிட்டு... அம்மா நேரமில்லைன்னு..." வழக்கம்போல் பாதியில் நிறுத்தினார். மீதி அவளுக்குப் புரிந்துவிட்டது.

மழை பிடித்துக்கொண்ட மத்தியானம். என் தலைக்கு மேல் சண்டை நடந்தது. தையல் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டேன். கேட்க வேண்டும் என்றுதான் நிறுத்தினேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

"ஏன் அத்தை பொய் சொன்னீங்க?"

"நான் எதுக்குடி பொய் சொல்றேன்?"

"கூப்பிடவே இல்லன்னீங்க. அவர் கூப்பிட்டிருக்கார்."

"கூப்பிட்டா ஓடணுமா? அவன் எதுக்குக் கூப்பிடறான்னு தெரியுமா உனக்கு?"

 

"தெரியும்" என்றாள் மருமகள்.

"தெரியுமா! தெரிஞ்சுதான் போனியா?"

"நான் என்ன தப்பு பண்ணேன்? மிஷின் ஓட்டினேன், டீ குடிச்சேன். வேற என்ன?"

"அப்ப போ. போயேன். யாரு உன்னைக் கட்டிப் போட்டா? நீ போயிட்டா அந்த மிஷினை யாரு பிடிப்பா, அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

"மிஷினைப் பிடிக்கத்தான் நான் இந்த வீட்ல இருக்கேனா அத்தை?"

 ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்துதான் போனார்கள். ஒருத்தி மாப்பை நீட்டினால் மற்றவள் வாங்கிக்கொள்வாள். சமைத்தவள் தட்டில் போட்டு மேசையில் வைப்பாள், மற்றவள் சாப்பிடுவாள், உப்பு இல்லை என்றால்கூடச் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் என் வழியாகப் போயிற்று. "அக்கா, உங்க மாடிக்காரம்மாகிட்ட சொல்லுங்க, மெழுகு உரிக்கிற மருந்து தீரப்போகுது." "தையலு, உன் கூட்டாளிகிட்ட சொல்லு, குடையை எடுத்துட்டுப் போகச் சொல்லி." நான் தபால்காரி மாதிரி படி ஏறி இறங்கினேன்.

ஒருநாள் மருமகள் பொத்தான் தைத்துக்கொள்ள வந்தாள். பொத்தான் தைக்க அவளுக்குத் தெரியாதா என்ன? உட்கார வைத்துக் கேட்டேன்.

"உனக்கு அவரைப் பிடிக்குமா?"

என் கையிலிருந்த ஊசியை வாங்கி அவளே தைக்க ஆரம்பித்தாள். "மிஷின் சத்தம் இருக்கே அக்கா, எல்லா இடத்துலயும் காதுக்குள்ள குடையும். அவர் கடையில மட்டும் அது கேட்கவே இல்ல."

"அப்புறம் என்ன?"

"நேத்தே சொல்லிட்டேன் அவர்கிட்ட. இனிமே கூப்பிடாதீங்கன்னு. அவர் ஒண்ணும் கேக்கக்கூட இல்ல, அதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். கேட்டிருந்தா என்னால சொல்லியிருக்க முடியாது." நூலைப் பல்லால் கடித்தாள். "அத்தை தனியா எப்படிக்கா இருக்கும்? காய்ச்சல்னாகூட சொல்லாது. மாத்திரைய நாக்குக்கு அடியில ஒளிச்சுட்டு முழுங்கிட்டேன்னு சொல்லும்."

இதை மெழுகம்மாவிடம் அப்படியே சொன்னேன். இதுதான் நான் கொண்டுபோன கடைசித் தபால். அவள் கேட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என் பையன் போனப்போ எல்லாரும் அவளைப் பாத்து அழுதாங்க. அவ என்னைப் பாத்துட்டு நின்னா" என்றாள். "ராத்திரியில எழுந்து வந்து என் மூக்குக்கு முன்னாடி விரல் வெச்சுப் பாப்பா, மூச்சு வருதான்னு. நான் தூங்கற மாதிரி நடிப்பேன். அவளை அனுப்பிட்டா அந்த வீட்ல எனக்கு என்ன இருக்குன்னுதான் நினைச்சேன். அவளுக்கு என்ன இருக்குன்னு நினைக்கவே இல்ல பாரு."

முகத்தைத் துடைத்தாள். போனை எடுத்தாள். எனக்கு எதிரிலேயே பேசினாள்.

"சார், நாந்தான். ஞாயித்துக்கிழமை வர்றோம். உங்க தரையை முழுசா உரிச்சுப் புதுசா போடணும். ஆமா, அவளும்தான் வருவா. நீங்க கடையிலயே இருக்கணும். சாமான் நகர்த்தணும்ல?" போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீயும் வா. வாசல்ல நிக்க ஒரு ஆளு வேணும்."

ஞாயிற்றுக்கிழமை கடைவரிசை முழுக்கச் சாத்தியிருந்தது. விட்டு விட்டுத் தூறல். மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவளுக்கு வேறு நினைப்பு கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் மருந்தைக் கலந்து தரையில் பரப்பினார்கள். பழைய மெழுகு ஊறி இளகியதும் மிஷினை ஓட்டினாள். சாம்பல் நிறச் சேறு மாதிரி அது உரிந்து வந்தது. அதைத் தண்ணீர் உறிஞ்சுகிற வேக்குவம் கிளீனரால் இழுத்து எடுத்தாள். மிஷின் எட்டாத சுவரோரங்களில் மெழுகம்மா உட்கார்ந்து சின்னத் தகட்டால் சுரண்டினாள். பிறகு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, மறுபடியும் கழுவித் துடைத்தார்கள். இப்போது தரை வெளுத்து, பளபளப்பு எதுவும் இல்லாமல், இப்போதுதான் முகம் கழுவிக்கொண்டு வந்த குழந்தை மாதிரி இருந்தது. கண்ணாடிக்காரர் நாற்காலிகளை வெளியே எடுத்து வைத்தார். மருமகள் பக்கம் திரும்பவே இல்லை. பாவம், அவள் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தார்.

மெழுகு போடுவதில் ஒரே ஒரு சட்டம்தான். உள்ளே கடைசி மூலையில் ஆரம்பித்து, பின்பக்கமாகவே நடந்து, வாசலுக்கு வந்து முடிக்க வேண்டும். யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது.

"ஏய் பொண்ணு" என்றாள் மெழுகம்மா. இத்தனை நாளுக்கப்புறம் நேரடியாக அவள் பேசிய முதல் வார்த்தை. "கல்லாவுக்குப் பின்னாடி ஓரம் சரியா வரல. போய்ச் சுரண்டு. சார், அந்த அலமாரி கொஞ்சம் ஆடுது, அவ சுரண்டற வரைக்கும் பிடிச்சுக்கங்க."

இரண்டு பேரும் கல்லாவுக்குப் பின்னால் போய்க் குனிந்தார்கள். மெழுகம்மா மாப்பை வாளியில் முக்கினாள். கல்லாவை ஒட்டி ஆரம்பித்தாள். சுவர் முதல் சுவர் வரை, பால் மாதிரி வெள்ளையாக மெழுகை இழுத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்தாள். அவ்வளவு வேகமாக அவள் வேலை செய்து நான் பார்த்ததில்லை. வாசலுக்கு வந்து படியில் இறங்கிய பிறகுதான் மருமகள் தலையைத் தூக்கினாள்.

"அத்தை! நான் உள்ள இருக்கேன்!"

"தெரியும்."

"எப்படி வர்றது?"

"காயட்டும். காஞ்சதும் வா."

கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார். ஈரத் தரையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், மெழுகம்மாவைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்று கேட்டார்.

"மழை நாளு சார். அவ்வளவு சீக்கிரம் காயாது" என்று சொல்லிவிட்டு மெழுகம்மா கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

வெளியே கூரைக்கு அடியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். என்னையும் அதேபோல் உட்காரச் சொன்னாள். "திரும்பினே, பாத்துக்க." நான் திரும்பினேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. முதலில் அவர்கள் கல்லாவின் இரண்டு கோடியில் நின்றார்கள். அவர் துடைத்த லென்ஸையே துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார். அப்புறம் பார்த்தபோது அவர் பேசிக்கொண்டிருந்தார், கையை ஆட்டி ஆட்டி. அப்புறம் அவள் அழுதுகொண்டிருந்தாள். அவர் கிட்டே போகவில்லை. கண்ணாடி துடைக்கிற துணியை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார்.

என்ன பேசினார்கள் என்று மருமகள் பிறகு சொன்னாள். முதலில் தரையைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டாராம். அப்புறம், "எங்கம்மா போனதுக்கப்புறம் கடையைச் சாத்தறதுக்கு எனக்கு அவசரமே இல்லாம போச்சுங்க. நீங்க வந்துட்டுப் போற அன்னிக்கு மட்டும் வீட்டுக்குப் போயி யார்கிட்டயாவது சொல்லணும்னு இருக்கும். சொல்ல ஆள் இல்ல" என்றாராம். முழு வாக்கியம். ஒரு இடத்திலும் நிறுத்தவில்லையாம்.

நான் குனிந்து கதவிடுக்கில் விரலை விட்டுத் தரையைத் தொட்டேன். ஒட்டவே இல்லை.

"அம்மா, காஞ்சிடுச்சே!"

"உனக்குத் துணி தெரியும், தரை தெரியுமா? சும்மா இரு."

அவள் முகத்தைப் பார்த்தேன். கூரைக்கு அடியில்தான் உட்கார்ந்திருந்தோம். ஆனால் அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது.

கடைசியில் அவளாகவே எழுந்து கதவைத் திறந்தாள். மருமகள் வெறுங்காலோடு அந்தப் புதுத் தரையில் நடந்து வந்து, அவள் எதிரில் நின்றாள்.

"நீங்களும் கூட வர்றதா இருந்தாத்தான் அத்தை."

"நான் எதுக்கு? புதுசா கட்டிக்கிட்டவங்க நடுவுல நான் வந்து உக்காந்து இருமிக்கிட்டிருக்கவா? அவர் வீடு அடுத்த தெருதானே, அமெரிக்காவா? காலையில வேலைக்கு வந்துடணும். கல்யாணம் ஆயிடுச்சுன்னு லேட்டா வந்தே, தெரியும் சேதி."

"காய்ச்சல் வந்தா?"

"மாத்திரை முழுங்கறேன். நெஜமாவே முழுங்கறேன்."

மருமகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கண்ணாடிக்காரர் உள்ளேயே நின்றிருந்தார். "நீங்க என்ன சார், அங்கயே குடியிருக்கப் போறீங்களா? வாங்க. காஞ்சாச்சு" என்றாள் மெழுகம்மா. "இன்னும் ரெண்டு கோட்டு பாக்கி இருக்கு."

கல்யாணத்தைப் பதிவு ஆபீசில் வைத்துக்கொண்டார்கள். மருமகளின் அண்ணன் வண்டியோடு வந்திருந்தான். சாட்சிக்கு நானும் மெழுகம்மாவும். நான் தைத்துக் கொடுத்த புது உடுப்பில் மருமகள் நின்றாள். இடுப்பு கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது, அழுது அழுது இளைத்திருந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் தலையைத் தூக்காமலே எழுதிக்கொண்டிருந்தாள். என் முறை முடிந்து, மெழுகம்மாவின் முறை வந்தது.

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

மெழுகம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். மருமகளைப் பார்த்தாள். இப்படி ஒரு கேள்வி வரும் என்று நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை.

"மாமியார்" என்றாள் கடைசியில், ரொம்ப மெதுவாக.

"மாப்பிள்ளையோட அம்மா" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் எழுதிவிட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லீங்க, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். கண்ணாடிக்காரர் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார். மெழுகம்மா பக்கம் திரும்பினார். "சரிதானேம்மா?"

 அவள் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்ததும் தலையை நிமிர்த்தவே இல்லை. கண்ணிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. அந்த ஆபீஸ் தரையும் வினைல்தான்.

மருமகள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் பிடித்து அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். வாசலைத் தாண்டும்போது அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"அந்த மூலையைப் பாருங்க" என்றாள் அழுதுகொண்டே. "அழுக்கைக்கூட எடுக்காம மேலயே மெழுகைப் பூசிட்டுப் போயிருக்கான், பாவி."